முகத்தில் தீக்காயம்: களிம்பா, கட்டா, சவ்வா?

கொதிநீரோ ஆவியோ எண்ணெயோ தீயோ முகத்தில் பட்டுவிட்டது. முதலுதவி முடிந்தது. மருத்துவரும் பார்த்துவிட்டு, "மேலோட்டமான காயம்தான், தோல் தானாகவே வளர்ந்துவிடும்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் இந்தக் கேள்வி வருகிறது: காயத்தின்மேல் எதைப் போடுவது? களிம்பைத் தடவித் திறந்தே விடலாம். வெள்ளி கலந்த கட்டு, சிலிகான் வலை என்று இன்று கிடைப்பவற்றில் ஒன்றை வைத்து மூடலாம். தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி, அது தானாக உதிரும்வரை காத்திருக்கலாம். மூன்றுமே தீக்காயப் பிரிவுகளில் இப்போது நடப்பில் இருப்பவைதான். கையிலோ காலிலோ காயம் என்றால் இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முகத்தில் அப்படி இல்லை.

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. காயத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? அதைத் தொந்தரவு செய்யாமல் விட முடிகிறதா? சிக்கல் என்னவென்றால், இவை ஒன்றையொன்று இழுக்கின்றன. திறந்து வைத்தால் தினமும் பார்க்கலாம், ஆனால் தினமும் கழுவவும் துடைக்கவும் வேண்டும். மூடி வைத்தால் புதுத்தோல் நிம்மதியாக வளரும், ஆனால் உள்ளே சீழ் பிடித்தாலும் உடனே தெரியாது. பொருளின் பெயரும் தயாரிப்பாளர் சொல்லும் பெருமையும் எப்படி இருந்தாலும், இந்த இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் நாம் எடுக்கும் முடிவு.

அதற்கு முன் சில விஷயங்கள்

கட்டைப் பற்றிய பேச்சே வரக்கூடாத நிலைமைகள் சில உண்டு. மூக்கு முடி கருகியிருக்கிறது, வாயிலோ சளியிலோ கரி தெரிகிறது, குரல் கம்மிவிட்டது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் சூடும் புகையும் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உள்ளே வீக்கம் நேரம் ஆக ஆக ஏறும், மூச்சுவழியே அடைபடக்கூடும். அப்போது முகத்தோலைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டிருந்தாலும், ரசாயனமோ மின்சாரமோ காரணமாக இருந்தாலும் இதே வேகம் வேண்டும்.

முதலுதவி என்பது ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவது. முகம் என்பதால் நேரடியாகத் தண்ணீர் விட முடியாவிட்டால் ஈரத்துணியை அடிக்கடி மாற்றி மாற்றி வைக்கலாம். காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு என்பதால் "நேரமாகிவிட்டதே" என்று விட்டுவிட வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ், கம்மல், மூக்குத்தி எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். இவை காயத்தை மோசமாக்கும், மருத்துவர் ஆழத்தைக் கணிக்க முடியாமலும் செய்துவிடும். படுக்க வைக்காமல் உட்கார்ந்த நிலையில் வைத்திருந்தால் வீக்கம் குறையும். தடுப்பூசி நிலவரம் தெரியாவிட்டால் டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

அப்புறம் ஆழம். எந்தப் பொருள் என்பதை ஆழம்தான் பெருமளவு முடிவு செய்கிறது. வெறும் சிவப்பும் எரிச்சலும் என்றால் கட்டே தேவையில்லை, ஈரப்பதம் காக்கும் கிரீம் போதும். கொப்புளம் விட்டு, அதன் அடியில் இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்து, அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்து, தொட்டால் நன்றாக வலித்தால் அது தோலின் மேலடுக்குகளில் நிற்கும் காயம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், சில சமயம் மூன்றாவது வாரத்தில் ஆறிவிடும். இந்தக் கட்டுரையின் ஒப்பீடு பெரும்பாலும் இந்தக் காயத்துக்கானது. திட்டுத் திட்டாகச் சிவப்பும் வெள்ளையுமாக இருந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல், வலி குறைவாக இருந்தால் ஆழம் அதிகம். வெள்ளையாகவோ பழுப்பாகவோ தோல் பதப்படுத்தியதுபோல் விறைத்து, வலியே இல்லாமல் இருந்தால் முழுத்தோலும் போய்விட்டது. அங்கே எந்தக் கட்டும் தோலை வளர்க்காது, அறுவை சிகிச்சைதான் வழி.

முதல் நாள் சொன்ன ஆழம் மூன்றாம் நாள் மாறலாம். தீக்காயத்தின் நடுவில் செத்துப்போன பகுதி ஒன்று இருக்கும். அதைச் சுற்றி ரத்த ஓட்டம் தடுமாறிக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று இருக்கும். பிழைக்கவும் செய்யலாம், சாகவும் செய்யலாம் என்ற நிலையில் இருப்பது அது. பிரிட்டனின் தீக்காய அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் விவரித்த இந்தப் பிரிவு இன்றும் பாடமாக இருக்கிறது. அதனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை பார்ப்பது அவசியம். முதல் நாளே திறக்க முடியாத ஒரு பொருளைப் போட்டு, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினால், அந்த இரண்டாம் பார்வை எப்போது என்று கேட்பது உங்கள் உரிமை.

முகம் ஏன் வேறு

முகத்துக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். கன்னத்திலும் தாடையிலும் முடிவேர்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நெருக்கமாக இருக்கின்றன. மேல்தோல் போனாலும் இந்த வேர்களின் ஆழத்தில் மிஞ்சியிருக்கும் செல்களிலிருந்துதான் புதுத்தோல் முளைத்து மேலே வந்து பரவுகிறது. ஆகவே முகம் நன்றாக ஆறக்கூடிய இடம். இது பெரிய ஆறுதல். இதே காரணத்தால், ஆறிக்கொண்டிருக்கும் முகத்தைத் தினமும் சுரண்டிக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் முகம் ஒரே பரப்பு அல்ல. கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. காதில் தோலுக்கு அடியில் நேராகக் குருத்தெலும்பு, நடுவில் பாதுகாக்க எதுவும் இல்லை. உதடும் தாடையும் நாள் முழுக்க அசைகின்றன, எச்சிலும் உணவும் படுகின்றன. மூக்கின் ஓரங்களில் எந்தச் சதுரத் துண்டும் படியாது. ஆண்களுக்குத் தாடி வளர்ந்து, கசியும் நீரோடு சேர்ந்து பொருக்காகி ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாளில் முகம் நம்ப முடியாத அளவுக்கு வீங்கும், கண் திறக்கவே முடியாமல் போகும். இவ்வளவையும் ஒரே கட்டு சமாளிக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. நல்ல மருத்துவமனைகளில் ஒரே முகத்தில் மூன்று விதமான பொருள் போடுவது சாதாரணம்.

வெள்ளை நிற சில்வர் களிம்பு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் தீக்காயம் என்றவுடன் கை போவது இந்தக் குழாயைத் தேடித்தான். சில்வர் சல்ஃபாடயசின் 1968இல் தீக்காயத்துக்கு அறிமுகமானது. பெரிய தீக்காயங்களில் கிருமித்தொற்றால் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்த காலத்தில் அது உயிர்களைக் காப்பாற்றியது. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் மேலோட்டமான முகக்காயத்துக்கு அது பொருத்தமில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலாவது, இது காயத்தின்மேல் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு படலத்தை உண்டாக்குகிறது. செத்த தோல் போலவே தெரியும் அந்தப் படலம் ஆழத்தைக் கணிக்க விடாது. அதைத் தினமும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும், அந்தத் தேய்ப்பில் புதுத்தோலும் போகிறது. அதாவது பார்க்கவும் முடியாது, தொடாமல் விடவும் முடியாது. என் இரண்டு கேள்விகளிலும் தோற்கிறது. இரண்டாவது, கண்ணுக்குள் போனால் உறுத்தும், எரியும், முகத்தில் அதைத் தவிர்ப்பது கடினம். மூன்றாவது, சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கியவர்களுக்கும், 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இது கூடாது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, மேலோட்டமான மற்றும் பகுதித்தோல் (தோலின் முழு ஆழமும் போகாத) தீக்காயங்களின் கட்டுகளை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பும், சிலிகான் பூசிய கட்டுகள், வெள்ளிக் கட்டுகள், உயிர்ப்பொருள் கலந்த கட்டுகள் ஆகியவற்றோடு ஒப்பிடும்போது இந்தக் களிம்பில் காயம் ஆறுவது பின்தங்குவதையே திரும்பத் திரும்பக் கண்டது. ஆழமான காயத்துக்கு, அறுவைக்கு முன் தொற்றைத் தடுக்க மருத்துவர் எழுதினால் அது வேறு விஷயம்.

களிம்பு பூசித் திறந்து விடுவது

இது பழைய முறை, ஆனால் பழசானதால் தள்ளிவிடக் கூடாத முறை. முகத்துக்கு இன்றும் உலகம் முழுக்க அதிகம் செய்யப்படுவது இதுதான். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும், அல்லது சலைன் என்ற மருத்துவ உப்புநீரும் கொண்டு கழுவி, தளர்ந்த தோலையும் ஊறிய பொருக்கையும் மட்டும் மெதுவாக எடுத்து, வாஸ்லின் அல்லது பாசிட்ராசின் போன்ற ஆன்டிபயாடிக் களிம்பை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். காய்வதற்குள் மறுபடி பூச வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு முறை.

"காற்றுப்பட்டால் சீக்கிரம் காயும்" என்று சொல்லிக் காயத்தை வறட்டுவது வேறு, இது வேறு. 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்து காட்டிய சோதனையில், ஈரமாக மூடிவைத்த புண்ணில் மேல்தோல் வளர்ந்த வேகம் காற்றில் காய்ந்த புண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நவீனக் கட்டுகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்தக் கண்டுபிடிப்புதான். களிம்புமுறையும் அதையேதான் செய்கிறது, கட்டுக்குப் பதில் களிம்பால். களிம்பு காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் இந்த முறை தோற்றுவிட்டது என்று பொருள்.

இதன் பலம் தெளிவானது. தினமும் பார்க்கலாம். வீக்கம் ஏறினாலும் இறங்கினாலும் எதுவும் இறுக்காது, நழுவாது. சாப்பிடலாம், பேசலாம், கண்ணுக்கு மருந்து விடலாம். எங்கேயும் கிடைக்கும். சின்னதாக, சிதறலாகக் காயம் உள்ள பெரியவர்களுக்கு, தானே கண்ணாடி பார்த்துச் செய்துகொள்ள முடிந்தவர்களுக்கு, நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பலவீனமும் தெளிவானது. நாளைக்கு நான்கு முறை என்பது பத்து நாளைக்கு என்ன கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எரிச்சல். ஒரு குழந்தைக்கு இதைச் செய்பவர்கள் முதல் இரண்டு நாள் சரியாகச் செய்வார்கள், மூன்றாம் நாள் குழந்தை அழுகிறதே என்று ஒரு வேளையை விட்டுவிடுவார்கள், அங்கே பொருக்குத் தட்டிவிடும். அது அவர்கள் தவறு அல்ல, முறையின் சுமை அப்படி. தலையணை, உடை எல்லாம் களிம்பாகும். பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், எனவே அந்தத் தலையணை உறையை அடிக்கடி மாற்ற வேண்டும், சிகரெட்டும் நெருப்பும் பக்கத்தில் வரக் கூடாது. ஆன்டிபயாடிக் களிம்புகள் சிலருக்கு ஒவ்வாமல் போகும். காயத்தைச் சுற்றி அரிப்பும் புதுச் சிவப்பும் வந்தால் தொற்று என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுவதுதான் பலர் செய்வது. அந்த நேரத்தில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேனைப் பற்றியும் கேட்பார்கள். பகுதித்தோல் தீக்காயத்தில் தேன் பழைய முறைக் கட்டுகளைவிடச் சில நாள் முன்னதாக ஆற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது கிருமிநீக்கம் செய்த மருத்துவத் தேன். சமையலறைத் தேனில் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், திறந்த புண்ணில் அதைப் போட வேண்டாம். நல்லெண்ணெயும் தேன்மெழுகும் அடிப்படையான சீனத் தயாரிப்பு ஒன்று, மெபோ என்ற பெயரில், இதே திறந்த முறையில் பயன்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால் அதுவும் களிம்புமுறையின் சாதக பாதகங்களைக் கொண்டதுதான்.

மூடும் கட்டுகள்

இங்கேதான் நவீனம் என்ற சொல் அதிகம் கேட்கும். உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாம் ஒன்றல்ல.

சிலிகான் வலை எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் எளிமை. ஓட்டைகள் கொண்ட மெல்லிய படலம். காய்ந்த தோலில் லேசாக ஒட்டும், ஈரமான புண்ணில் ஒட்டாது. நீர் ஓட்டை வழியாக மேலே உள்ள காஸ் துணிக்குப் போகும். நனைந்த துணியை மட்டும் மாற்றினால் போதும், வலை அங்கேயே இருக்கட்டும், தயாரிப்பைப் பொறுத்து ஒன்று இரண்டு வாரம்கூட. எடுக்கும்போது வலி மிகக் குறைவு. பலவற்றில் வலை வழியே காயம் தெரியவும் செய்கிறது. சாதாரணக் காஸ் துணியை நேராகப் புண்ணில் வைத்து, மறுநாள் நீர் விட்டு ஊறவைத்துப் பிய்த்து எடுப்பதை அனுபவித்தவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். கிருமியைக் கொல்லும் சக்தி இதற்கு இல்லை என்பது உண்மை. சுத்தமான, புதிய, மேலோட்டமான காயத்துக்கு அது குறையே இல்லை.

வெள்ளி கலந்த ஹைட்ரோஃபைபர் என்ற இழைக்கட்டு வேறு விதம். காயத்தின் நீரை உறிஞ்சிக் கூழ்போல் ஆகி, புண்ணில் ஒட்டி, பின் காய்ந்து, அடியில் தோல் வளர வளர ஓரத்திலிருந்து தானாகக் கழன்று வரும். கழன்ற ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே போகலாம். தீக்காயத்தில் 14 நாள் வரை விட்டுவைக்க முடியும். தட்டையான நெற்றிக்கு நன்றாக அமையும். ஆனால் காய்ந்த பிறகு விறைப்பாகிறது. கன்னமும் வாயோரமும் அசையும்போது அது வெடித்துத் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் நீர் தேங்கும். பேசாமல் இரு, சிரிக்காமல் இரு என்று குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை.

நானோகிரிஸ்டலின், அதாவது மிக நுண்ணிய படிகங்களாக வெள்ளி பூசிய, கட்டுகள் கிருமியை வேகமாகக் கொல்பவை, 3 அல்லது 7 நாள் தாங்குபவை. இவற்றைச் சுத்திகரித்த நீரில்தான் நனைக்க வேண்டும், சலைனில் அல்ல, உப்போடு சேர்ந்தால் வெள்ளியின் வேலை குறைந்துவிடும். தோலில் தற்காலிகமாகச் சாம்பல் கறை விடும். தொற்று ஏற்பட்ட, அல்லது தொற்று வர வாய்ப்புள்ள அழுக்கான காயத்தில் இதற்கு இடம் உண்டு. சுத்தமான சின்னக் காயத்தில், அதுவும் முகத்தில், வெள்ளியைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "வெள்ளி இருக்கிறது, அதனால் உயர்ந்தது" என்று யாராவது சொன்னால், இந்தக் காயத்தில் எந்தத் தொற்றைத் தடுக்கப் போகிறோம் என்று திருப்பிக் கேளுங்கள்.

பஞ்சுபோன்ற ஃபோம் கட்டுகள் அதிக நீர் வடிகிற முதல் சில நாளுக்கு உதவும். கண், மூக்கு, வாய்க்குத் துளை வெட்டி முகமூடி மாதிரி வைத்து, மேலே குழாய் வலைத்துணியால் பிடித்து நிறுத்துவார்கள். கனமாக இருக்கும், குழந்தைகள் இழுத்துவிடுவார்கள். ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டுத்துண்டு, நாணய அளவுக் காயத்துக்கு மட்டும். அதன் அடியில் மஞ்சளாக, வாடையோடு ஒரு கூழ் சேரும், அதைச் சீழ் என்று பயந்துவிட வேண்டாம்.

எல்லா மூடும் கட்டுகளுக்கும் முகத்தில் பொதுவான எதிரி வீக்கம்தான். முதல் நாள் அளந்து வைத்தது இரண்டாம் நாள் இறுக்கும், நான்காம் நாள் தொளதொளக்கும். எனவே முதல் 48 மணி நேரம் களிம்பில் விட்டு, வீக்கம் நின்று ஆழமும் தெளிவான பிறகு கட்டுக்கு மாறும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமான வழியாகத் தெரிகிறது.

ஒருமுறை போர்த்தும் சவ்வு

பனிக்குடச் சவ்வு, அதாவது கருவைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு, 1910களிலேயே தீக்காயத்துக்குப் பயன்பட ஆரம்பித்துவிட்டது. நவீனம் என்று சொல்லும் பட்டியலில் இருக்கும் மூத்த பொருள் இது. இன்று தானம் தரும் தாயின் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிபிலிஸ் எல்லாம் சோதித்து, பதப்படுத்தி வைக்கிறார்கள். மூக்கு வளைவிலும் உதட்டு ஓரத்திலும் இது படிவதைப் போல் வேறெதுவும் படிவதில்லை. பாதி ஒளி ஊடுருவும் என்பதால் அடியில் நீர் தேங்கினால் தெரியும். வைத்த சில நிமிடங்களில் வலி குறைந்துவிடுவதைப் பலர் சொல்கிறார்கள். குழந்தைகளின் முகத்தீக்காயத்தில் இதைக் களிம்புமுறையோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. ஆறும் காலத்திலும் தழும்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கட்டு மாற்றுவது வெகுவாகக் குறைந்தது. இதை ஏமாற்றமான முடிவு என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படிக்கத் தோன்றவில்லை. ஒரே மாதிரி ஆறுகிறது, ஆனால் குழந்தை பல மடங்கு குறைவாக அழுகிறது என்றால் அது வெற்றிதான்.

செயற்கையாகச் செய்யும் பாலிலாக்டைடு சவ்வும் இதே கொள்கையில் வேலை செய்கிறது. காயத்தின் ஈரத்தில் ஊறிக் கண்ணாடிபோல் தெளிவாகும், தோல் ஆறியதும் ஓரத்திலிருந்து உதிரும். பெரும்பாலும் ஒரே முறை வைத்தால் போதும். "பார்க்க வேண்டும், தொடக் கூடாது" என்ற இரண்டையும் ஒருசேரத் தருவதில் இதற்குப் பக்கத்தில் வருவது அபூர்வம். கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஷீட்டும் இதே குடும்பம், எளிதில் கிடைப்பது, ஆனால் காய்ந்தால் விறைப்பாகும். மீன்தோல் சிகிச்சையைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பிரேசிலில் திலாப்பியா, ஐஸ்லாந்தில் காட் மீன் என்று உண்மையாகவே நடக்கும் ஆராய்ச்சி அது. பதப்படுத்திய மருத்துவப் பொருளைச் சொல்கிறேன், சந்தை மீனின் தோலை அல்ல.

சவ்வுக்குக் கட்டாய நிபந்தனைகள் உண்டு. காயம் புதிதாக, முடிந்தவரை முதல் ஓரிரு நாளுக்குள் இருக்க வேண்டும். நன்றாகக் கழுவிச் செத்த தோலை நீக்கியிருக்க வேண்டும். மேலோட்டமாக இருக்க வேண்டும். தொற்று இருக்கவே கூடாது. வைத்தபின் ஒன்றிரண்டு நாளில் அது முழுதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் நீரோ சீழோ தேங்கியிருந்தால் அந்த இடத்தை வெட்டித் திறக்க வேண்டும். தொற்றின்மேல் ஒட்டிய சவ்வு எதையும் காக்காது, தொற்றைத்தான் அடைகாக்கும். இதைச் செய்யப் பழகிய கை வேண்டும். சவ்வைப் பற்றிய என் உற்சாகம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தோடு கட்டப்பட்டது. பழகிய தீக்காயப் பிரிவு எட்டும் தூரத்தில் இல்லையென்றால் சவ்வை விடக் களிம்பே பாதுகாப்பு.

ஒரு துண்டு சவ்வின் விலை களிம்புக் குழாயைவிடப் பல மடங்கு அதிகம்தான். ஆனால் ஒப்பிட வேண்டியது துண்டையும் குழாயையும் அல்ல. கட்டு மாற்ற வரும் பயணங்கள், ஒவ்வொரு முறையும் வலிமருந்து, சில குழந்தைகளுக்கு மயக்க மருந்து, வேலைக்குப் போகாத பெற்றோர் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி குறையும், சில சமயம் திரும்பியும் விடும்.

ஆராய்ச்சி எவ்வளவு தூரம் துணை நிற்கிறது

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். முகத்தீக்காயத்துக்கு மேலே பூசுவதையும் போர்த்துவதையும் மட்டும் அலசிய காக்ரேன் தொகுப்பு 2020இல் புதுப்பிக்கப்பட்டது. 12 சோதனைகள், மொத்தம் 507 பேர். அதிலிருந்து கிடைத்த ஆதாரம் பெரும்பாலும் குறைந்த அல்லது மிகக் குறைந்த உறுதி உடையது என்றே அது முடிக்கிறது. எனவே "இதுதான் உலகிலேயே சிறந்த முகக் கட்டு" என்று யார் சொன்னாலும் அது விற்பனைப் பேச்சு. ஆதாரம் மெலிந்திருக்கும் இடத்தில் வலி, கட்டு மாற்றும் எண்ணிக்கை, செய்பவரின் பழக்கம் ஆகியவற்றை முன்னே வைத்து முடிவெடுப்பதில் தவறே இல்லை.

இமை, காது, உதடு, தாடி

எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த இடங்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இமைமேல் கட்டு வேண்டாம், கண்ணுக்கென்றே செய்த ஆன்டிபயாடிக் களிம்பு மட்டும். முகத்துக்கான களிம்பைக் கண்ணோரம் பூச வேண்டாம். வீங்கிக் கண் மூடுவதற்குள் கண் மருத்துவர் சாயம் விட்டுக் கருவிழியைப் பார்த்துவிட வேண்டும். பின்னால் இமை சுருங்கிக் கண் முழுதாக மூடாமல் போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும், மூடாத கண் வறண்டு கருவிழியில் புண் வரும்.

காது பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. குருத்தெலும்பில் தொற்று ஏறினால் காதின் வடிவமே போய்விடும். அழுத்தும் கட்டு கூடாது, தலையணையில் காதை வைத்துப் படுக்கக் கூடாது. குருத்தெலும்புக்குள் ஊடுருவும் மாஃபெனைடு என்ற மருந்தை மருத்துவர்கள் இங்கே பயன்படுத்துவதுண்டு. காது திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் துடித்தால் அன்றே காட்ட வேண்டும்.

உதட்டுக்கு வாஸ்லின், அடிக்கடி. வாயோரக் காயம் ஆறும்போது சுருங்கி வாய் திறப்பதைக் குறைக்கும், குழந்தைகளிடம் அதிகம், எனவே வாயை அகலத் திறக்கும் பயிற்சி சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டும். தாடியை ஓரிரு நாளுக்கு ஒருமுறை கவனமாக மழித்துவிட வேண்டும். முடியில் ஒட்டிய பொருக்குக்கு அடியில்தான் தொற்று ஒளிந்துகொள்ளும்.

யாருக்கு எது

சிறு குழந்தை, கன்னத்திலும் தாடையிலும் கொதிநீர் பட்ட ஈரமான சிவந்த காயம், பழகிய தீக்காயப் பிரிவு எட்டும் தூரத்தில்: சவ்வு. தயக்கமின்றிச் சொல்கிறேன். சவ்வு கிடைக்காவிட்டால் சிலிகான் வலை, மேலே மாற்றத்தக்க துணி.

பெரியவர், சின்னக் காயம், கண்ணையும் வாயையும் சுற்றிச் சிதறியிருக்கிறது, தினமும் தானே கவனிக்க முடியும்: களிம்பு.

மருத்துவமனை தொலைவில், இரண்டாம் முறை பார்க்கவே சில நாளாகும்: இங்கேயும் களிம்புதான், ஏனென்றால் பார்க்க முடிவது இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

அழுக்கு ஏறிய, நேரம் கடந்து வந்த, தொற்று சந்தேகமுள்ள காயம்: வெள்ளிக் கட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஏற்பாட்டோடு. சவ்வு வேண்டவே வேண்டாம்.

ஆழம் கலந்த காயம்: இங்கே தேர்வு உங்களுடையதோ என்னுடையதோ அல்ல, அறுவை மருத்துவருடையது. செத்த திசுவை மட்டும் கரைக்கும், அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த என்சைம் மருந்து ஒன்று 2012இல் ஐரோப்பாவிலும் 2022இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. முகத்தில் அதைப் பயன்படுத்துபவர்கள் கண்ணைக் கவனமாக மறைத்துவிட்டே செய்கிறார்கள். அன்னாசி, பப்பாளி ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த முறையிலும் சில அறிகுறிகள் தென்பட்டால் கட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்: குறைந்துவந்த வலி திடீரென்று ஏறுவது, சிவப்பு பரவுவது, நாற்றம், பச்சை நிறக் கசிவு, காய்ச்சல். சிறு குழந்தைக்கு முதல் சில நாளில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, வாந்தி, சோர்வு வந்தால், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், உடனே அவசரப் பிரிவு. கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்திருக்கலாம், அதில் மணிநேரங்கள் முக்கியம்.

மூன்று வாரக் கெடு

கட்டு எதுவாக இருந்தாலும் நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டிய நாள் 21. தீக்காயம் ஆறும் நாளையும் தடித்த தழும்பையும் தொடர்புபடுத்திய 1983 ஆய்வில், 14 முதல் 21 நாளில் ஆறிய இடங்களில் மூன்றில் ஒரு பங்கும், 21 நாளைக் கடந்து ஆறிய இடங்களில் 78 விழுக்காடும் தடித்தன. எனவே இரண்டாம் வார முடிவிலும் ஆறாத திட்டு இருந்தால், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று கட்டை மாற்றிக்கொண்டே போகாமல், பிளாஸ்டிக் சர்ஜனிடம் தோல் ஒட்டுவது பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. முகத்தில் அறுவை மருத்துவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பது உண்டு, இங்கே ஆறும் திறன் அதிகம் என்பதால். காத்திருக்கும் முடிவை எடுக்க வேண்டியவரும் அவர்தான்.

தோல் மூடியபின் களிம்பும் கட்டும் நிறுத்திவிடலாம், அதன் இடத்தில் மணமில்லாத ஈரப்பதக் கிரீம், நாளைக்குச் சில முறை. புதுத்தோல் வெயிலில் சீக்கிரம் கறுத்துவிடும், மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு அந்தக் கறுப்பு பல மாதம் நிற்கும். ஒரு வருடமாவது தொப்பியும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் வேண்டும். தழும்பு தடிக்கத் தொடங்குவது தெரிந்தால் சிலிகான் ஜெல் அல்லது ஷீட், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல், சில மாதங்கள். முகம் முழுதும் தடிப்பு பரவினால் அளவெடுத்துச் செய்யும் அழுத்த முகமூடி. திறந்த புண்ணில் சிலிகான் ஜெல் பூசக் கூடாது, தோல் முழுதாக மூடியிருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.